ஒருபக்க ராணி

இரவு ஏழரைக்கு மின்சாரம் திரும்பியபோது வெல்வெட் பெட்டி காலியாகக் கிடந்தது. சில நிமிடம் முன்பு வரை அதில் ராணி இருந்தாள்.

ராணி என்பது ஒரு செப்புக்காசு. வெள்ளைக்காரன் காலத்தில், புதுக்காசு வெளியிடுமுன் அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க அடித்த சோதனைக்காசு. ஒரு பக்கம் ராணியின் தலை. மறுபக்கம் வழவழவென்று வெறுமை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அதைக் கண்ணில் வைத்துக் காத்துவந்தார்.

அறையில் அவரோடு இருந்தது இரண்டே பேர்: வீட்டோடு இருக்கும் மருமகன், காசு சேர்க்கும் பழைய நண்பரான கடிகாரக் கடைக்காரர். மருத்துவர் உடனே கதவைப் பூட்டிவிட்டுத்தான் போலீசைக் கூப்பிட்டார். ஜன்னலில் இறுக்கமான கொசுவலை. வந்த பெண் இன்ஸ்பெக்டர் சட்டைப்பை முதல் செருப்பு வரை சோதிக்க வைத்தும் பலனில்லை.

மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் செம்பையெல்லாம் விற்றுத் தொலைக்கச் சொன்னவன் மருமகன்தானாம்.

“மாப்பிள்ளைன்னு பார்க்காதீங்க. கூட்டிட்டுப் போங்க.”

கதவுக்கு வெளியே நின்ற மகளுக்கும் அது கேட்டது.

“விக்கச் சொன்னேன் மாமா. உங்க முகத்துக்கு நேராத்தான் சொன்னேன்,” என்றதோடு மருமகன் நிறுத்திக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றி வந்தாள். இழுப்பறைகளில் ஒவ்வொரு காசுக்கும் தனிக்குழி, தனிச்சீட்டு. ஒழுங்கில்லாமல் கிடந்தது ஜன்னலோரத்து பிஸ்கட் டப்பா ஒன்றுதான். அதற்குள் முகம் தேய்ந்த செப்புக்காசுகள் நிறைய. எடைக்குப் போடவேண்டிய குப்பை என்றார் மருத்துவர். எல்லோரும் போகலாம், மீதி நாளைக்கு என்றாள் அவள்.

கடிகாரக்காரர் நண்பரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“மனசு ஒடிஞ்சு கிடக்கீங்க, டாக்டர். அந்த டப்பாவையாவது எடுத்துட்டுப் போய் எடைக்குப் போட்டுடறேன்.”

“கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர். டப்பாவை மேசையில் கவிழ்த்து, காசுகளின் விளிம்புகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. “தேய்ஞ்ச காசுக்கு முகத்தோட சேர்ந்து விளிம்பும் மழுங்கிடும். இது மட்டும் நகத்தைக் கீறுது.”

திருப்பினாள். ராணி.

அதை மருமகனே போட்டிருக்கலாமே என்று மருத்துவர் விடாப்பிடியாகக் கேட்டார்.

“அவர் இந்த வீட்டிலேயே இருக்கார். நாளைக்கு ஆற அமர எடுத்துக்கலாம். டப்பாவைக் கேட்டு வாங்க வேண்டியவர் இவர் ஒருத்தர்தான்.”

கடிகாரக்காரர் மறுக்கவில்லை. கதவு பூட்டும் சத்தம் கேட்டதும் கைக்கெட்டிய டப்பாவில் போட்டதாக ஒப்புக்கொண்டார். அந்தக் காசின் பின்பக்கத்துக்கென்று தனியாக அடித்த சோதனைக்காசு அவரிடம் இருக்கிறது. ராணியை விலைக்குக் கேட்டார், மாற்றாகக் கேட்டார், ஒரு நாள் இரவலாகவும் கேட்டார். மருத்துவர் மசியவில்லை.

“ரெண்டும் சேர்ந்தாத்தான் அது காசு. ஒரு தடவையாவது சேர்த்து வெச்சுப் பார்க்க நினைச்சேன்.”

இன்ஸ்பெக்டர் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். காசு, வழக்கு முடிந்ததும் திரும்பி வரும் என்றாள்.

மருத்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாப்பிள்ளை,” என்று திரும்பினார். அறையில் யாரும் இல்லை. மாடியில் மகள் அலமாரி மேலிருந்து துணிப்பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.