எமில்டாவின் டொக்டர்

பரிசோதனைக் கட்டிலில் டொக்டர் குலசிங்கம் சற்றுமுன் இழுத்து விரித்த வெள்ளைக் காகிதம் கசங்கியிருந்தது. கடைசி நோயாளி போய் அரை மணி நேரமாகிறது. வெளியில் ஸ்காபரோப் பிளாசாவின் கார்கள்மீது பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாலை ஐந்து மணிக்கே இருட்டு. வரவேற்பில் இருக்கும் ஸ்டெபனி, பஸ் நின்றுவிடும் என்று முதலே புறப்பட்டிருந்தாள்.

"நீங்களும் வெளிக்கிடுங்கோ டொக்டர். நாளைக்கு உங்களை ஸ்னோவுக்குள்ளால கிண்டி எடுக்க எனக்கு ஏலாது," என்று போகும்போது சொல்லியிருந்தாள்.

காகிதத்தைக் கிழித்தெறிந்து புதிதாக விரித்தார். கைகழுவித் திரும்புவதற்குள், ஹீற்றரின் முணுமுணுப்புக்கும் கிருமிநாசினியின் நெடிக்கும் நடுவே, யாரோ மெல்லப் புரண்டு படுப்பதுபோல் அது நீளமாகச் சரசரத்தது. காகிதத்தில் ஓர் ஆள் கிடக்கும் பள்ளம், சுவர்ப்பக்கமாக.

எமில்டா எப்போதும் அப்படித்தான் ஒதுங்கிப் படுப்பாள்.

ஏழு வருடம் அவருடைய நோயாளி. கணவன் போனபின் அவள் அழுததெல்லாம் இந்த அறையில்தான். அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டே எந்தச் சொல் அவளை இளக்கும் என்று அவர் அறிந்துகொண்டார். பிறகு அவளைத் தன் நோயாளிகள் பட்டியலிலிருந்து நீக்கும் கடிதத்தில் கையொப்பமிட்டார். அடுத்த ஞாயிறு அவளுடைய அப்பார்ட்மென்டில் போய் நின்றார். அவள் நோயாளி இல்லையென்றால் அந்த உறவில் குற்றமும் இல்லை. வேறு டொக்டர் பார்த்துத் தருவதாகச் சொன்னதை மறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டார். உண்மையில், அந்த டொக்டரிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

ஒக்டோபரில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நெஞ்சு இறுக்குகிறது, ஒருக்கால் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பாருங்கள் என்று கேட்டாள்.

"நான் இப்ப உம்மட டொக்டர் இல்லையே," என்று சிரித்தார்.

"அப்ப எனக்கு ஆர் டொக்டர்?"

அவளும் சிரித்தாள். அந்தக் கிழமை முடியுமுன்பே செத்துப்போனாள். அடக்கத்தில் அவர் கடைசி வரிசையில், அவளுடைய பழைய டொக்டராக நின்றார்.

காகிதம் மறுபடி சரசரத்தது.

போயிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். குனிந்தார். பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில், அது எதிலோ முட்டி நின்றது.

துணி. துணிக்குள் குளிர்.

காதில் ஒன்றுமில்லை.

"மூச்சை இழுத்து விடுங்கோ," என்றார், பழக்கத்தில்.

ஒன்றுமில்லை.

கையை எடுக்கப்போனார். ஐந்து விரல்கள் மணிக்கட்டைப் பிடித்தன. அவசரமில்லாமல் இடப்பக்கம் நகர்த்தின. இன்னும் சற்று. அங்கே அழுத்தின.

கேட்டுக்கொண்டே நின்றார்.

விரல்கள் விடவில்லை.