பின்னறையில் ஆடு

அந்தோணியின் மேல் சாராய வாடை அடிக்கவில்லை. ரோசம்மாளுக்கு அது அப்போதே உறைத்தது, நின்று யோசிக்கத்தான் மனம் வரவில்லை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய மனுஷன், காலை பத்து மணி வெயிலில், வலது காலை இழுத்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு வாசலில் வந்து நின்றான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவள் பெயரைச் சொல்லப் பார்த்தான். எச்சில்தான் வழிந்தது.

"தூ! சுகிர்தாவப் பொண்ணு பாக்க மீஞ்சூர்லேர்ந்து வராங்களே, இன்னிக்காய்யா குடிச்சிகினு வருவ?"

இனித் தொடமாட்டேன் என்று எட்டு மாதம் முன்பு சபையார் முன்னால் முழங்கால் போட்டுச் சொன்னவன். அந்த வார்த்தையை நம்பித்தான் இந்தச் சம்பந்தமே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. மானம் கப்பலேறப் போகிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கம்பக்கத்தார் பார்ப்பதற்குள் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பாயில் சரிந்தவன் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்தான். உதறிவிட்டு வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். தூங்கினால் தெளிந்துவிடும், எத்தனை தடவை தெளிந்திருக்கிறது! ஆராதனை முடிந்து வந்த மகள் சுகிர்தாவிடம், நைனாவுக்கு ஓவர்டைம் என்று சொல்லிவைத்தாள்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். பிரியாணி அண்டாவைத் திறந்ததும் பட்டையும் புதினாவும் கூடத்தை நிறைத்தன. மின்விசிறி கடகடக்க, பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட, ஆளுக்கொரு பேச்சுப் பேசிய அந்த இரைச்சலுக்கெல்லாம் அடியில், தரையோடு தரையாக, நெல் மூட்டையை இழுப்பது போல ஒரு சத்தம் சரசரவென்று வந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது. அப்புறம் கதவில் சுரண்டல். ஆள் நின்று தட்டுகிற உயரத்தில் இல்லை, கதவின் அடியில். கூடவே ஒரு முனகல்.

மாப்பிள்ளையின் தாயார் செல்வி காதைத் திருப்பினார். "உள்ள இன்னா அண்ணி சத்தம்?"

"ஆடு. பக்கத்து ஊட்டுது. வெயிலுக்கு உள்ள கட்டிகீறாங்க."

"சினை ஆடா? இந்த மொனகு மொனகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள். ரோசம்மாளும் சிரித்தாள்.

முனகல் சட்டென்று நின்றது. அவர்கள் பேசுவதைக் கேட்டு நிறுத்தியது போல நின்றது. ரோசம்மாள் அண்டாவில் கரண்டியைப் போட்டுச் சத்தமாகக் கிளறினாள்.

ஒன்றரை ஆயிற்று. கல்யாணத்துக்கு நாள் பேசினார்கள். இரண்டு. சுரண்டல். இடைவெளி. சுரண்டல். எழுந்து போனாள். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி."

திரும்பிவிட்டாள்.

மூன்று மணி. சத்தம் இல்லை. எதுவும் இல்லை.

நாலு மணிக்கு அவர்கள் கார் கிளம்பியதும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. அவன் அதன்மேல் சாய்ந்து கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "எப்பம்மா ஆரம்பிச்சது? இது பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தா ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிடும். சரியா சொல்லுங்க."

பக்கத்தில் சுகிர்தா நின்றாள். இப்பத்தான் என்று சொல்ல ரோசம்மாளுக்கு வாய் வந்தது. ஆனால் பொய் சொன்னால் அவன் செத்துப்போவான்.

"பத்து மணி சார். காலையில."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. டாக்டர் பேனாவை மூடினார். "ஊசிக்கு நேரம் போயிடுச்சும்மா. வேற இன்னா செய்யலாம்னு பாக்குறோம்."

"பத்தா?" என்றாள் சுகிர்தா. "அப்ப ஊட்ல... உள்ள..." அவள் கை தானாக வாயைப் பொத்தியது.

நர்ஸ் டிரிப்ஸ் போட அவன் இடது கையைத் தூக்கினாள். விரல் நகங்களுக்குள் கதவின் பச்சைப் பெயின்ட் அடை அடையாக இருந்தது. இரண்டு நகங்கள் இல்லவே இல்லை.

ரோசம்மாள் பாய்ந்து அந்த விரல்களை மடக்கி, முந்தானையால் மூடினாள். விரல்கள் விரிந்தன. மறுபடி மடக்கினாள். விரிந்தன. அவன் கண்ணை மூடாமல், முழு நினைவோடு அவளையே பார்த்தபடி, மகளுக்குத் தெரியும்படி கையை விரித்துக்கொண்டே இருந்தான்.