ரிசீவரைக் கீழே வைக்கக் கூடாது

டெலிபோனில் வாய் வைத்துப் பேசுகிற துளைகளில் ஏதோ அடைத்திருந்தது. சித்திரை மாதத்துப் புழுதி எங்கேதான் நுழையாது என்று மயிலம்மாள் முந்தானையால் துடைத்தாள். துணியில் ஒட்டியது புழுதி இல்லை, தவிடு. அதுவும் ஈரத்தவிடு. மூக்கருகே கொண்டுபோனால் பாசி பிடித்த கிணற்றின் வாடை அடித்தது. அந்த வீட்டில் மாடு கிடையாது, கோழி கிடையாது, தவிடு என்று ஒன்று வாசற்படி ஏறியே பல காலமாகிறது.

மகள் பார்ப்பதற்குள் முந்தானையைக் கசக்கி அலசிவிட்டு வந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் உச்சிப்பொழுதைப் போல ஆள் அரவமற்ற நேரம் வேறில்லை. கோயில் நடை சாத்தியிருக்கும். கொள்ளிடத்து மணலைத் தொட்டு வருகிற காற்று அடையவளஞ்சான் தெருவில் அனலாகத் தவழும். ஜன்னல்களெல்லாம் மூடி, எங்கோ ஒரு ஊஞ்சல் சங்கிலி மட்டும் முனகிக்கொண்டிருக்கும். மயிலம்மாளின் புருஷன் அழகர்சாமிக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. அந்த வியாபாரத்துக்காகத்தான் வீட்டிலேயே டெலிபோன் வைத்திருந்தது. அவர் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். உள் அறையில் வள்ளிக்கண்ணு தூங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் ஒரே மகள். அவள் மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதே மயிலம்மாளுக்கு இப்போது வேலை.

எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. வந்த அன்றே வள்ளிக்கண்ணு கேட்டாள், "செல்லக்கிளி சித்தி எங்கம்மா?"

"புதுக்கோட்டையில தம்பி வீட்டுக்குப் போயிருக்காடி."

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. தெருவே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. மயிலம்மாளுக்கு அந்த வழக்கம் ரொம்பச் சௌகரியமாகப் போயிற்று. சாவைச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே!

அந்த வருஷம் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து ஊர் கிலி பிடித்துக் கிடந்தது. நகைக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை என்று பேப்பரில் போட்டிருந்ததாம். பேப்பரை யார் முழுசாகப் படித்தார்கள்? தாலிக்குண்டைக்கூட விடமாட்டான் என்றுதான் படித்துறையில் பேச்சு. பாம்பு என்றால் படையும் நடுங்கும், சர்க்கார் என்றால் அந்தப் பாம்பே நடுங்கும். அப்படிப்பட்ட மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் டெலிபோன் மணி அடித்தது. எக்ஸ்சேஞ்சில் கால்களை இணைத்துக் கொடுக்கும் அக்னஸ் எப்போதும்போல, "கால் வந்திருக்குங்க, பேசுங்க" என்றாள். அடுத்து ஒரு ஆண் குரல்.

"தங்கக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்மா. வீட்டுக்காரர் பேர் அழகர்சாமிதானே?"

மயிலம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். டெலிபோனில் பேசுகிறவனுக்கு முந்தானை தெரியுமா என்று கேட்காதீர்கள். சர்க்காரோடு உட்கார்ந்து பேச அவளுக்குத் தெரியாது.

"உங்க வீட்ல மறைச்சு வெச்சிருக்கறதைச் சொல்லிட்டா விட்டுருவோம். இல்லேன்னா வீட்டுக்காரர் கையில விலங்கு மாட்டித் தெருவோட கூட்டிட்டுப் போவோம்."

பீரோச் சாவி இடுப்பில் சுட்டது. வாய் தானாகத் திறந்தது. "எங்க வீட்ல ஒண்ணும் இல்லீங்கய்யா. எதிர் வீட்லதான்... செல்லக்கிளி வீட்ல. அடுப்படியில தவிட்டுப் பானைக்குள்ள வெச்சிருக்காங்க."

எதிர் வீட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. இத்தனை நாளும் மயிலம்மாளைக் கறையானாக அரித்தது அதுதான். பொன்மலை ரயில்வே பட்டறையில் புருஷனைப் பறிகொடுத்தவள் செல்லக்கிளி. அவன் சாவுக்கு வந்த பணத்தில் மகள் கல்யாணத்துக்காக நகை செய்து, அதை இந்த உலகத்தில் ஒருத்தியிடம் மட்டும் காட்டினாள். அந்த ஒருத்தி மயிலக்கா.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆள் அனுப்புறேன். வந்துட்டுப் போற வரைக்கும் ரிசீவரைக் கீழே வைக்கக் கூடாது."

வைக்கவில்லை. கால் மரத்துப் போகும் வரை நின்றாள், ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே நின்றாள். டாக்ஸியிலிருந்து காக்கி உடுப்பில் இரண்டு பேர் இறங்கினார்கள். செல்லக்கிளி கும்பிட்டு உள்ளே கூட்டிப் போனாள். பானை உருளும் சத்தம் கேட்டது. நாளைக்கு ஆபீசில் வந்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர்கள் போனபோது வாசல் வரைக்கும் தவிடு சிந்திக் கிடந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். தெரு அவ்வளவுதான் அகலம்.

அன்று சாயங்காலம் அக்னஸே கூப்பிட்டாள்.

"எனக்கு மனசு கேக்கலம்மா. லைன் ரொம்ப நேரம் பிடிச்சிருந்துச்சேன்னு பார்த்தப்ப ஆபீஸ், கீபீஸ்னு காதுல விழுந்துச்சு. அது ஆபீஸ் போன் இல்லீங்க. ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் போன். இப்பவே போலீஸ்ல சொன்னா ஆளைப் பிடிச்சிரலாம். நான் வந்து சாட்சி சொல்றேன்."

போலீசில் சொன்னால் பானையைக் காட்டிக்கொடுத்தது யார் என்ற கேள்வி வரும். மயிலம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எனக்கு எந்தக் காலும் வரலையேம்மா. வேற வீடா இருக்கும்."

மறுநாள் ஆபீசுக்குப் போன செல்லக்கிளியைப் பார்த்து அங்கே சிரித்தார்களாம். மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அவள் வந்து மயிலம்மாளின் முற்றத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். "உங்களைத் தவிர யார்கிட்டயும் நான் மூச்சு விடலையே அக்கா. அவங்களுக்கு எப்படிக்கா பானை தெரிஞ்சுது?"

"சர்க்கார் வேஷம் போட வர்றவனுக்குத் தெரியாததாடி" என்று சொல்லி மயிலம்மாள் அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். மாசி முடிவதற்குள் செல்லக்கிளியைப் பின்கட்டுக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். அவள் மகளைப் புதுக்கோட்டைத் தம்பி வந்து கூட்டிப் போனான். அந்தக் காப்பியை நினைத்தால் மயிலம்மாளுக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

இன்று, அலசிய ஈர முந்தானையோடு அவள் கூடத்துக்கு வந்தபோது டெலிபோன் மணி அடித்தது.

எடுத்தாள். அக்னஸின் குரல் வரவில்லை. தூரத்தில் ஒரு கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டுச் சுற்றுகிற சத்தம், கயிறு இழுபடும் சத்தம், கனமான எதுவோ தண்ணீரை விட்டு மேலே வந்து மறுபடியும் தண்ணீருக்குள்ளேயே நழுவிப் போகிற சத்தம். அவள் ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள் அக்னஸ்.

"இப்ப எங்கேர்ந்தும்மா கால் போட்டே?"

"காலைலேர்ந்து உங்க லைனுக்கு எதுவுமே போடலீங்களே."

"அடிச்சுதேம்மா! எடுத்தேனே!"

"அன்னிக்கு வந்ததை வரலேன்னீங்க. இன்னிக்கு வராததை வந்துச்சுங்கிறீங்க" என்றாள் அக்னஸ். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

உள்ளேயிருந்து வள்ளிக்கண்ணுவின் தூக்கக் குரல் வந்தது. "அம்மா, சித்தி வீட்ல யாரோ தவிடு சலிக்கிறாங்க பாரேன்."

"நீ தூங்கும்மா. காத்து."

ஜன்னல் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தாள். எதிர் வீட்டுப் பூட்டு அப்படியே தொங்கியது. ஆனால் அந்தப் படியிலிருந்து தெருவின் நடு வரைக்கும் ஈரமான காலடிகள் வந்திருந்தன. செருப்பில்லாமல் நின்றால் கால் பொத்துப்போகிற அந்த வெயிலில் அவை காயவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் தவிடு ஒட்டியிருந்தது. நடுத்தெருவோடு நின்றுவிட்டன, திரும்பிப் போன அடையாளம் இல்லை.

சொல்லிவிட வேண்டும். மயிலம்மாளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. தெரு காறித் துப்பட்டும், புருஷன் முகத்தில் விழிக்காமல் போகட்டும், மகளும் பிள்ளையும் பிழைத்தால் போதும். பட்ட பிறகு வந்த புத்திதான், ஆனாலும் வந்தது. ரிசீவரை எடுத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்னஸ், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போடும்மா. மாசியில கால் வந்தது நிஜம். பானையைச் சொன்னது... சொன்னது நான்தாம்மா."

லைனில் கப்பி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"கவர்மெண்ட் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்மா."

பெண் குரல். தெரிந்த குரல். வார்த்தைக்கு வார்த்தை தண்ணீர் கொப்புளித்தது.

மயிலம்மாள் எழுந்து நின்றாள்.

"உங்க வீட்ல பத்திரமா வெச்சிருக்கறது என்னன்னு சொல்லுங்க."

அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. இடது கையால் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்கு அடியில் வாய் அசைந்தது. அன்றைக்குப் போலவே. தானாக.

"என் மக... உள் ரூம்ல... கட்டில்ல படுத்திருக்கா."

எங்கே என்று குரல் கேட்கவே இல்லை.

"ரொம்ப சந்தோஷம்மா. வந்துட்டுப் போற வரைக்கும் ரிசீவரைக் கீழே வைக்கக் கூடாது."

"செல்லக்கிளி! அடியே, அக்கான்னு ஒரு தடவை கூப்பிடுடி. ஒரே ஒரு தடவை."

கூப்பிடவில்லை.

வாசல் தாழ்ப்பாள் நகர்ந்தது. கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு ஈரக்காலடி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. நடப்பவர் யாரும் இல்லை. காலடிகள் மட்டும் அவளைத் தாண்டிப் போயின. பாசி வாடை. சொட்டும் தண்ணீர். உள் அறைக் கதவு மெள்ளத் திறந்தது.

கத்த வேண்டும். தொண்டை அடைத்திருந்தது. இருமினாள். தவிடு வந்தது. விரல்களை விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை. கால் நகரவில்லை.

"அட, சித்தி!" உள்ளேயிருந்து வள்ளிக்கண்ணுவின் குரல் அத்தனை சந்தோஷமாக வந்தது. அவளுக்குத்தான் யாருமே சொல்லவில்லையே. "புதுக்கோட்டையிலேர்ந்து எப்ப வந்தீங்க? ஏன் சித்தி இப்படி நனைஞ்சிருக்கீங்க? அம்மா, சித்தி வந்திருக்காங்க பாரு!"

கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

"கை ரொம்ப ஜில்லுன்னு இருக்கு சித்தி. வயித்து மேல வேணாம். சித்தி, வேணாம். அம்மா..."

பானை உருளும் சத்தம் கேட்டது.

மயிலம்மாள் முந்தானையால் தோளை மூடிக்கொண்டு, ரிசீவரைக் காதில் அழுத்தியபடி, இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.