முதுகுச் சட்டம்

கோத்தகிரியில் காலை ஏழு மணிக்கு ஸ்கீ பலகையை மாட்டுவது, அந்தக் காலத்தில் செருப்பை மாட்டியது போலத்தான். உலகத்தின் சூட்டைத் தணிக்க வானத்தில் சூரியத்திரையை விரித்தார்கள். எங்கோ கணக்குப் பிசகி, நீலகிரியில் பனி கொட்டத் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. தேயிலைத் தோட்டமெல்லாம் ஆறடிக்குக் கீழே கிடக்கிறது.

அன்று நானும் என் மாப்பிள்ளை இளமாறனும் கிளம்பியது செவ்வந்திக்காக. என் ஒரே மகள், தலைப்பிரசவம். பனியை நம்ப முடியாது என்று போன வாரமே அவளை அடுத்த பள்ளத்தாக்கு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். என் மனைவி உடனிருந்தாள். விடியும்போதே வலி எடுத்துவிட்டதாம். கழுகுப்பாறைச் சரிவில் குறுக்கே இறங்கினால் முக்கால் மணி நேரம். முகட்டைச் சுற்றினால் நாலு மணி நேரம்.

"பொறக்கறதுக்குள்ள போயிடணுங்க மாமா," என்று மாப்பிள்ளை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒருமுறை புளியே இல்லாமல் ஒரு ரசம் வைத்தார். பிரமாதம் என்று இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். அவரும் லேசுப்பட்டவரில்லை. நான் தப்பான பாதையில் இழுத்துப் போனாலும் "சரிங்க மாமா" என்று பின்னாலேயே வருவார்.

சரிவின் தலைமாட்டில் இடுப்பளவு குழி தோண்டினோம். மேலே காற்று இறுக்கிய கெட்டிப்பனி, பலகை மாதிரி. அதற்கடியில் ஒரு சாண் சீனிப்பனி. அள்ளினால் ஒட்டாமல் உதிர்ந்தது. ஒரு தூணாக அறுத்து நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டால் பத்து தட்டு, அப்புறம் முழங்கையிலிருந்து. பன்னிரண்டாவது தட்டில் மேல்பலகை அப்படியே வழுக்கி என் காலடியில் விழுந்தது. சரிவில் கால் வைத்தால் மொத்தப் பனியும் இப்படித்தான் வழுக்கி எங்களைப் புதைக்கும். மாப்பிள்ளையும் பார்த்தார். பார்த்ததைப் பற்றி வாய்விட்டுப் பேசக் கூடாது, அதுதான் சட்டம்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாணக் கூட்டம், ஒன்பது பேர், இதேபோல் குழி தோண்டிப் பார்த்துவிட்டே இறங்கிப் புதைந்தார்கள். பிழைத்த ஒரே ஆள் விசாரணையில் சொன்னார்: "ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி யாருங்க வேணாம்னு சொல்றது?"

அதற்கப்புறம் வந்ததுதான் முதுகுச் சட்டம். முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். கையுறைக்குள் இருக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போகலாம், இருமுறை அழுத்தினால் வேண்டாம். ஒரே ஒருவர் மறுத்தாலும், தோளில் மாட்டியிருக்கும் சரிவுக்கணி என்கிற பேசும் கருவி வழியை மூடிவிடும். மறுத்தது யார், எத்தனை பேர் என்று சொல்லாது. கேட்பதும் குற்றம்.

நின்றோம். மாப்பிள்ளையின் முதுகு நடுங்கியது என் முதுகில் தெரிந்தது. பாவம், ஆசையோடு நிற்கிற மனுஷனை முதல் குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க விடாமல் செய்கிறேனே என்று நினைத்துக்கொண்டேதான் இரண்டு முறை அழுத்தினேன்.

"வழி மூடப்பட்டது," என்றது கணி.

முகட்டில் மூன்று மணி நேரம் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. கோபம்தான், வேறென்ன என்று நானும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அப்போதுதான் கணியில் என் மனைவி குரல் வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். மாப்பிள்ளை பனியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"மன்னிச்சுக்கங்க மாமா. நாந்தான் வேணாம்னு அழுத்தினேன். உங்க பொண்ணு பக்கத்துல உங்களை இருக்க விடாமப் பண்ணிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அட போங்க மாப்பிள்ளை. நானும் வேணாம்னுதான் அழுத்தினேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அங்க நான் நேருக்கு நேரா போலாமான்னு கேட்டிருந்தா என்னங்க சொல்லிருப்பீங்க?"

"உங்க இஷ்டம் மாப்பிள்ளைன்னிருப்பேன். நீங்க?"

"நீங்க சொன்னா சரிங்க மாமான்னு..."

கீழே கழுகுப்பாறைச் சரிவு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டேன்.

"ரெண்டு பேரும் மரியாதையாச் செத்திருப்போம்," என்றேன். "வாங்க, பாப்பாவைப் பாக்கலாம்."