குண்டனுக்கு என்ன கோளாறு

நிலவின் தென்முனைப் பனிச்சுரங்கத்தில் காலை வேலை தொடங்குமுன், மேற்பார்வையாளர் மங்கையர்க்கரசி துளைப்பொறிகளிடம் நலம் விசாரித்துக்கொண்டே போவாள். "என்னப்பா, உடம்பு தேவலையா? நேத்து ரொம்ப இழுத்துட்டியே." வீட்டளவு இருந்த அந்த இரும்பு உடல்கள் ஒவ்வொன்றும், தேவலை என்று பதில் சொல்லும்.

இது அவளுடைய இளகிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் அப்படி. யோசிக்கத் தெரிந்த பொறியை அதட்டினால் அது தன் கோளாறை மறைக்கக் கற்றுக்கொள்ளும். மறைத்த கோளாறு ஒருநாள் சுரங்கத்தையே கவிழ்க்கும். பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதியதுதான் தளர்ச்சி விதி. பொறி மந்தமானால் குரல் உயர்த்தக் கூடாது. சுமையைப் பாதியாக்க வேண்டும். பழகிய துணையாள் வேறு வேலை பார்க்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேறிய பின், எதனால் தேறினாய் என்றும் கேட்க வேண்டும். மனிதர்களுக்கு இப்படி ஒரு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள்தாம் பூமியிலிருந்து கப்பலுக்குக் கப்பல் வந்து இறங்குகிறார்களே.

குண்டன் என்று செல்லமாக அழைக்கப்பட்ட பொறி திடீரென்று மந்தமானது. அதன் துணையாள் இருதயராஜ், தூத்துக்குடிக்காரர், விதிப்படி பக்கத்தில் உட்கார்ந்தார். மங்கையர்க்கரசி குண்டனின் தோளைத் தடவி என்னவென்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கேன் என்றது. பிரித்துப் பார்த்தார்கள், பழுதில்லை. நாலு நாள் ஓடும், மறுபடி முனகி நின்றுவிடும். இருதயராஜும் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

பொறியில் பழுதில்லை என்றால் ஆளிடம்தானே பழுது? மங்கையர்க்கரசி அவரைக் கூப்பிட்டாள்.

"உங்க கை பட்டாலே அது படுத்துக்குது. நீங்களும் முன்ன மாதிரி இல்ல. முடியலன்னா சொல்லிடுங்க, அடுத்த கப்பல்ல ஆள் வருது."

"பாத்துக்கிடுதேன் மேடம்," என்றார் இருதயராஜ்.

கப்பல் வந்தபோது அவராகவே வந்து நின்றார். "என்னைய அனுப்பிராதீங்க மேடம். அங்க எனக்கு யாருமில்ல. இங்கனயே பாத்திரம் கழுவிக்கிட்டுக் கெடக்கேன்."

போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று மங்கையர்க்கரசி அவரைத் திருப்பி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டாள். யாருமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புதிய துணையாள் வந்ததும் குண்டன் பழையபடி பனியை வெட்டித் தள்ளியது. சரியான முடிவு என்று தலைமையகம் பாராட்டியது. அவளுக்கும் மகிழ்ச்சிதான். விதியின் கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினாள்.

"எதனாலப்பா தேறின?"

"எனக்கு ஒண்ணும் ஆகலையே மேடம்." குண்டனுக்கு இருதயராஜின் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன் நின்ன?"

"அண்ணாச்சி வீட்டம்மா ஊர்ல தவறிட்டாவ. அடக்கத்துக்குப் போகக் கப்பல் இல்ல. கவசத்துக்குள்ள அழுதா கண்ணத் தொடைக்க முடியாதுல்லா? கண்ணு தெரியாமலே வேலை பாத்தாவ. நான் படுத்துட்டா அண்ணாச்சி செத்த நேரம் உக்காரலாம். அதான் படுத்தேன்."

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?" அவள் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க என் ஒடம்பத்தான கேட்டீங்க? அண்ணாச்சியக் கேக்கலையே." "இப்ப எப்படி இருக்காவ மேடம்? அங்க அவங்க பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?"

ஆளில்லாத வீட்டுக்கு ஒரு மனிதரை மங்கையர்க்கரசி தன் கையாலேயே அனுப்பிவைத்திருக்கிறாள். கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். கவசக் கண்ணாடியில் கை இடித்தது.

குண்டனின் துளைக்கருவி மெல்ல மெல்லச் சுழன்று நின்றது.

"உனக்கு என்னடா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க செத்த உக்காருங்க மேடம்."

அவள் அதன் காலடியில் உட்கார்ந்தாள். மேலே, கட்டுப்பாட்டு அறையின் பலகையில் மங்கையர்க்கரசி என்ற பெயருக்கு நேராக, வேலை நின்றதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த கப்பல் எப்போது வருகிறது என்று யாரோ விசாரித்தார்கள்.