தனகோடி வீட்டுப் பிச்சுவா

உறையிலிருந்து கத்தியை உருவியதுமே பார்த்தசாரதியின் முகம் சுண்டிவிட்டது. "பழைய பிச்சுவாவா இது? போன மாசம் பட்டறையில அடிச்சது" என்றார். கோவளத்தில் பழம்பொருள் சேகரிக்கிறவர் அவர். கையோடு காவல் நிலையத்துக்கு வந்து, போலியை விற்று ஏமாற்றப் பார்த்ததாகப் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாலை நான்கு மணி. இன்ஸ்பெக்டர் விஜயகுமாரி காலையிலிருந்து வெயிலில் பந்தோபஸ்து நின்றவர். இடுப்பு விட்டுப்போயிருந்தது. நகை மோசடி, நில மோசடி போதாதென்று இப்போது கத்தி வேறா என்று அலுத்துக்கொண்டார்.

எதிரே தனகோடி நின்றார். திருப்போரூர் பக்கத்துக் கிராமம். சிறுசேரியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஒழுகும் கூரையை மாற்றத்தான் வீட்டுப் பிச்சுவாவைப் பார்த்தசாரதியிடம் விற்கப் போனார். வழக்கு விழுந்தால் வேலை அன்றோடு சரி. சட்டைப்பையில் சூப்பர்வைசரின் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க அவருக்குத் தைரியமில்லை.

"இன்னா நடந்துச்சு? சொல்லுய்யா."

"தாத்தா காலத்து கத்தி மேடம். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு இதுலதான் எலுமிச்சம்பழம் அறுப்போம்."

"மொதல்ல யாராண்ட காட்டுன?"

"மாமல்லபுரத்துல செலை விக்கிற பூபாலனாண்ட. போன வருச பூஜையில எடுத்த போட்டோவ போன மாசம் அனுப்ச்சேன். எடுத்துகினு வா, பாத்து சொல்றேன்னாரு. ரெண்டு நாள் வெச்சிருந்து, வேணாம்னு குடுத்துட்டாரு. நான் உருவிக்கூட பாக்கல. அப்டியே இவராண்ட எடுத்தாந்தேன்."

"வேற யாருக்காவது போட்டோ அனுப்ச்சியா?"

"இல்ல மேடம்."

விஜயகுமாரி அவர் போனை வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு படம். வாழை இலைமேல் கத்தி, பக்கத்தில் அறுத்த எலுமிச்சம்பழம். அலகில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. மேசைமேல் இருந்த கத்தியிலும் அதே திட்டுகள், இம்மி மாறவில்லை. புரட்டினார். மறுபக்கம் பளபளவென்று இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார். ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பூபாலனைக் கூட்டிவரச் சொன்னார்.

பூபாலன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஏன் திருப்பிக் குடுத்தீங்க?"

"புதுசு மாதிரி தெரிஞ்சுது மேடம். பாவம், மனசு நோவுமேன்னு சொல்லல."

"அப்போ அசல் எங்க?"

"அண்ணாத்த வூட்லயே இருக்கும். நகல் அடிச்சி ஊரெல்லாம் வித்துகினு கீறாரு."

"ஐயோ, இல்ல மேடம்" என்று தனகோடி கையெடுத்துக் கும்பிட்டார்.

"எலுமிச்சம்பழத்த அறுத்தா கத்தி எத்தினி பக்கம் கறுக்கும்?" என்று கேட்டார் விஜயகுமாரி. பூபாலனின் சிரிப்பு நின்றது.

"ரெண்டு பக்கமும் கறுக்கும். இதுல ஒரு பக்கம்தான் கறுத்துக்கீது. தனகோடி நகல் அடிச்சிருந்தா அசல் அவர் கையிலயே இருக்கு, திருப்பிப் பாத்து அடிச்சிருப்பாரு. இது போட்டோவ மட்டும் பாத்து அடிச்சது. போட்டோ வந்தது உங்களுக்கு மட்டும்."

"ரெண்டு நாள் எங்கிட்டயும்தான கத்தி இருந்துச்சு? நான் திருப்பிப் பாக்க மாட்டேனா?"

"பாத்திருப்பீங்க. ஆனா அதுக்கு முன்னாடியே நகல் ரெடி. உறையில போட்டுக் குடுத்தா எவன் பாக்கப்போறான்னு விட்டுட்டீங்க."

பூபாலன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "கடையில... பெரிய பிள்ளையார் செலைக்குப் பின்னாடி கீது."

கான்ஸ்டபிள் ஷாரோன் போய் எடுத்து வந்தார். இரண்டு பக்கமும் கறுப்பு. பார்த்தசாரதி ஆசையாகத் தடவிப் பார்த்தார். பிறகு தனகோடியின் முகத்தைப் பார்க்கக் கூசி, புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கத்தி எனக்கு எப்ப கெடைக்கும் மேடம்?" என்றார் தனகோடி.

"பூபாலன் மேல போடற கேசுக்கு இது சாட்சிப் பொருள், கோர்ட்ல மனு போட்டுதான் வாங்கணும். இந்த வருசம் பழத்த வேற கத்தியில அறுங்க."

மறுபடி போன் அடித்தது. தனகோடி அதை வெளியே எடுத்துத் திரையைப் பார்த்தார். விஜயகுமாரி கை நீட்டி வாங்கினார்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். தனகோடி மேல ஒரு கேசும் இல்ல. அவர் பொருள் திருடு போச்சு, புகார் குடுக்க வந்தாரு. பஸ் கொஞ்சம் லேட்டா வரும், அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

அவ்வளவு நேரம் வராத அழுகை தனகோடிக்கு அப்போதுதான் வந்தது.

"கண்ணத் தொடச்சிகினு கெளம்புய்யா" என்றார் விஜயகுமாரி. "பஸ் ஓட்டணும் இல்ல."