கை நீட்டியிருந்தவர்

ஊர் சுற்ற வந்த இடத்தில் கடைகண்ணிக்குப் போகாமல் சுரங்க ரயில் நிலையங்களைப் பார்க்கலாம் என்றவர் டிராயிங் மாஸ்டர்தான். ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு கலைஞர் கைவரிசை காட்டியிருக்கிறார், ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டார். காலையிலிருந்து ஏறி இறங்கி அந்த அம்மாளுக்குக் கால் வீங்கிவிட்டது. மாஸ்டருக்கோ வாய் ஓயவில்லை. எந்தச் சிலையைக் கண்டாலும் தொடாமலே இது வெண்கலம், இது ஃபைபர் என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் கேட்க ஆளில்லாத பாடமெல்லாம் அன்று மனைவியின் தலையில் இறங்கியது.

மத்தியானம் அவர்கள் இறங்கிய நிலையம் ரொம்ப ஆழத்தில் இருந்தது. மங்கிய வெளிச்சம், ஈரச் சிமெண்ட் வாசனை, எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை. நடைமேடை நெடுகப் பெஞ்சுகளில் ஆளுயரச் சிலைகள் உட்கார்ந்திருந்தன. பேப்பர் படிப்பவர், கொட்டாவி விடும் பெண், ஷூ லேஸ் கட்டுபவன். எல்லாம் நிஜ ஆள் மாதிரியே சாயம் பூசியவை. கடைசி பெஞ்சில் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர், ஒரு கையை லேசாக முன்னால் நீட்டியபடி.

“என்னங்க, இவரு கண்ணு ஈரமா இருக்கே.”

“வார்னிஷ்மா அது. ரெண்டு தடவ அடிச்சா அப்படித்தான் பளபளக்கும்.”

மாஸ்டர் தன் தொப்பியைக் கழற்றி அந்தத் தலையில் மாட்டினார். நீட்டிய கையில் கேமரா பையைத் தொங்கவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டினார். மனைவி சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்தாள். அதற்குள் ரயில் வந்துவிட்டது. பையை எடுக்கும்போது வாரில் ஒரு விரல் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடினார். தொப்பியின் ஞாபகம் வந்தபோது கதவு மூடியிருந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்தார்கள்.

கடைசி பெஞ்சைச் சுற்றிக் கூட்டம்.

தரையில் துணி போர்த்திய உடல்.

“மாரடைப்பாம்,” என்றார் காவலாளி. “பேச்சு வரல போல. உதவிக்குத்தான் கைய நீட்டியிருக்கார். சிலைன்னு நெனச்சு எல்லாரும் கடந்து போயிட்டாங்க. எவனோ தலையில தொப்பி வேற மாட்டிட்டுப் போயிருக்கான். மனுஷனா அவன்? சார், இது யாரோடதுன்னு பாத்தீங்களா?”

“தெரியாதுங்க.”

மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் அப்படிப் பார்த்ததே இல்லை. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னுடையதுதான் என்று இப்போதும் சொல்லிவிடலாம். ஆனால் கால் வெளியேறும் பாதைக்குத்தான் போனது.

“போய்ச் சொல்லிடுங்க,” என்றாள் அவள், மெதுவாக. “அந்த முகத்தப் பாத்துச் சிரிச்சேனே, எனக்கே தாங்கல.”

“சும்மா வா. மானம் போயிடும்.”

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

அந்தப் பாதையின் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளில் ஒரு ஜனக்கூட்டத்தைப் பதித்திருந்தார்கள். எல்லாருக்கும் முதுகுதான், முகமே கிடையாது.

ஒருவர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

விளக்கு ஒருமுறை துடித்து அணைந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை மூக்கை அடைத்தது. மாஸ்டர் இருட்டில் துழாவி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, அவளும் இறுகப் பற்றிக்கொண்டாள். அவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வெளிச்சம் திரும்பியது.

மனைவி தொலைவில், படிக்கட்டருகே நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மாஸ்டர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கையை உதறினார். விடவில்லை.

“தம்பி, யாரையாவது கூப்பிடுங்களேன்,” என்றது காதோரம் ஒரு குரல், துளியும் கோபமில்லாமல்.